கைவிளக்கு ஏந்திய காரிகை கணக்கும் எழுதினார்!

புதுக்கோட்டைக்கு அருகில் இருக்கிறது திருவரங்குளம். பழமையான சிவன் கோவிலால் பெயர் பெற்ற ஊர்.

இந்த வட்டாரத்துக் கிராமங்களில் கிராம சுகாதார நர்சு வீடு வீடாகப் போகிறார். கர்ப்பிணிப் பெண்களைப் பார்க்கிறார். பிறந்த குழந்தையை எடை போடுகிறார். எந்தக் குழந்தைக்கு எந்தத் தடுப்பு ஊசி போட்டாயிற்று என்று குறித்துக் கொள்கிறார்.

ஊசி போடுவதற்கு ஆகும் நேரத்தைவிட எழுதுவதற்கு ஆகும் நேரம் அதிகமோ என்று பார்ப்பவர்களுக்குத் தோன்றும்! நோயாளியைக் கவனிப்பதுதானே நர்சின் வேலை? கணக்குப்பிள்ளை வேலை அவருக்கு எதற்கு?

இந்தக் கேள்விக்கு விடை ஒரு சீமாட்டியின் வாழ்க்கையில் இருக்கிறது. அவர் பெயர் புளோரன்ஸ் நைட்டிங்கேல்.

இரவு நேரத்தில் கையில் விளக்குடன் நோயாளிகளிடையே நடந்து வந்த அம்மையார் என்று அவரை எல்லோரும் அறிவார்கள். ஆனால் அவர் பெரிய கணக்குப் புலி என்பது பலருக்குத் தெரியாது. விளக்கைவிட அந்தக் கணக்கே அதிக உயிர்களைக் காப்பாற்றியது!

செல்வர் வீட்டுப் பெண்

1820-ம் ஆண்டு மே மாதம் 12-ந் தேதி இத்தாலி நாட்டில் புளோரன்ஸ் நகரில் அவர் பிறந்தார். ஊரின் பெயரையே குழந்தைக்கு வைத்தார்கள்.

பெற்றோர் இங்கிலாந்து நாட்டுச் செல்வர்கள். வேலைக்காரர்கள், வண்டி, விருந்து என்று எதற்கும் குறைவில்லை. தந்தை படித்தவர். இரண்டு பெண்களுக்கும் அவரே பாடம் சொல்லிக் கொடுத்தார். சிறுமி புளோரன்சுக்குக் கணக்கின் மேல் தனி ஆசை.

வளர்ந்து பெரியவரானதும் அவர் ஒரு விருப்பத்தை வெளியிட்டார். நர்சு ஆக வேண்டும் என்பதே அது.

வீட்டில் பூகம்பம்! தாயார் கண்ணீர் விட்டார். தந்தை மறுத்தார்.

அதற்குக் காரணம் இருந்தது. அந்தக் காலத்தில் ஆஸ்பத்திரி என்பது ஏழைகள் சாகப் போகும் இடம். நர்சு வேலைக்குப் பயிற்சி கிடையாது. குடிப் பழக்கம் உள்ள பெண்களே அந்த வேலைக்கு வருகிறார்கள் என்று ஊரார் இழிவாகப் பேசினார்கள்.

புளோரன்ஸ் பல ஆண்டுகள் பொறுத்திருந்தார். கல்யாணத்துக்கு வந்த நல்ல வரனையும் வேண்டாம் என்றார். 1851-ம் ஆண்டில் ஜெர்மனியில் உள்ள கைசர்ஸ்வெர்த் என்ற இடத்துக்குப் போய் மூன்று மாதம் பயிற்சி பெற்றார். 1853-ல் லண்டனில் ஒரு சிறிய பெண்கள் ஆஸ்பத்திரியின் நிர்வாகம் அவரிடம் வந்தது.

அடுத்த ஆண்டே யுத்தம் வந்தது.

ஸ்குடாரி ஆஸ்பத்திரி

1854-ல் ரஷ்யாவுக்கு எதிராக இங்கிலாந்து போரில் இறங்கியது. கருங்கடல் ஓரத்தில் உள்ள கிரிமியாவில் சண்டை நடந்தது. காயம் அடைந்தவர்களையும் நோயாளிகளையும் கப்பலில் ஏற்றித் துருக்கியில் ஸ்குடாரி என்ற இடத்துக்குக் கொண்டு வந்தார்கள். இன்று அது இஸ்தான்புல் நகரின் ஒரு பகுதி. அங்கே ஒரு பெரிய பட்டாளக் கட்டிடமே ஆஸ்பத்திரி.

வீரர்கள் கவனிப்பார் இல்லாமல் சாகிறார்கள் என்று லண்டன் பத்திரிகைகள் எழுதின. மக்கள் கொதித்தார்கள். போர் இலாகா மந்திரி சிட்னி ஹெர்பர்ட், புளோரன்சின் நண்பர். உடனே போகும்படி அவரைக் கேட்டுக் கொண்டார்.

அக்டோபர் 21-ந் தேதி 38 பெண்களுடன் அவர் புறப்பட்டார். நவம்பர் 4-ந் தேதி ஸ்குடாரி போய்ச் சேர்ந்தார்.

அங்கே அவர் கண்ட காட்சி கொடுமையானது. கூடங்களிலும் நடைகளிலும் வரிசை வரிசையாக நோயாளிகள். சட்டையிலும் போர்வையிலும் பேன். மாற்றிக் கொள்ளத் துணி இல்லை. சோறு வைக்கத் தட்டு இல்லை. கழிவு நீர் நாற்றம் மூக்கைத் துளைத்தது.

அம்மையார் வேலையைத் தொடங்கினார். தரையைத் தேய்க்கப் பிரஷ் வாங்கினார். துணி வெளுக்க ஏற்பாடு செய்தார். நோயாளிகளுக்குக் கஞ்சியும் சூப்பும் காய்ச்சத் தனிச் சமையலறை வைத்தார். இரவில் எல்லோரும் தூங்கியபின், விளக்குடன் ஒவ்வொரு படுக்கையாகப் பார்த்து வந்தார்.

வீரர்கள் அவரைத் தெய்வமாகவே கருதினார்கள்.

குறையாத சாவு

ஆனால் ஒன்று மட்டும் நடக்கவில்லை. சாவு குறையவில்லை!

குளிர் காலம் வந்தது. சாவு ஏறிக் கொண்டே போனது. 1855-ம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில், சிகிச்சை பெற்ற 100 பேரில் 42 பேருக்கு மேல் இறந்தார்கள். குண்டு பட்டு இறந்தவர்கள் சிலரே. காலரா, பேதி, காய்ச்சல் இவையே பெரும்பாலோரைக் கொண்டு போயின.

மார்ச் மாதம் இங்கிலாந்திலிருந்து ஒரு சுகாதாரக் குழு வந்தது. டாக்டர் சதர்லாண்டும், ராலின்சன் என்ற என்ஜினீயரும் அதில் முக்கியமானவர்கள்.

அவர்கள் நோயாளிகளைப் பார்ப்பதற்கு முன், கட்டிடத்தின் அடியைத் தோண்டிப் பார்த்தார்கள். கீழே சாக்கடைகள் அடைத்துக் கிடந்தன. குடிநீர் வரும் பாதையில் செத்த குதிரையின் உடல் கிடந்தது! எல்லாவற்றையும் அகற்றினார்கள். சாக்கடையைக் கழுவி விட்டார்கள். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். காற்று வர வழி செய்தார்கள்.

ஜூன் மாதம் கணக்கு என்ன தெரியுமா? 100 பேரில் இறந்தவர்கள் 2 பேர்தான்.

மூன்று ஏடு, மூன்று கணக்கு

1856 ஆகஸ்டு மாதம் அம்மையார் நாடு திரும்பினார். ஊரெங்கும் அவர் புகழ். வரவேற்பு வைபவங்களுக்குப் பயந்து, பெயரை மாற்றிக் கொண்டு யாருக்கும் தெரியாமல் வந்து சேர்ந்தார்!

அந்தப் புகழோடு அவர் ஓய்வு பெற்றிருக்கலாம். ஆனால் ஒரு கேள்வி அவரை விடவில்லை. அத்தனை பேர் ஏன் செத்தார்கள்?

ஸ்குடாரியில் இறந்தவர் கணக்கை மூன்று ஏடுகளில் எழுதி வைத்திருந்தார்கள். ஒன்றுக்கு ஒன்று ஒத்துப் போகவில்லை. எத்தனை பேர் செத்தார்கள் என்பதே சரியாகத் தெரியாதபோது, ஏன் செத்தார்கள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

வில்லியம் பார் என்ற புள்ளிவிவர நிபுணர் அவருக்கு உதவினார். அவர் ஏழைக் குடும்பத்தில் பிறந்து முன்னுக்கு வந்தவர். இருவரும் மாதக்கணக்கில் உட்கார்ந்து ஏடுகளை அலசினார்கள்.

உண்மை கசப்பாக இருந்தது. அன்பான கவனிப்பு மட்டும் சாவைத் தடுக்கவில்லை. அம்மையார் போய்ச் சேர்ந்த பிறகும் மூன்று மாதத்துக்கு மேல் சாவு ஏறியது. சாக்கடையைச் சுத்தம் செய்தபின்தான் அது சரிந்தது. குளிர் விட்டதும், நெரிசல் குறைந்ததும்கூடக் காரணங்கள் என்று பின்னாளில் ஆராய்ந்தவர்கள் சொன்னார்கள்.

வேறொருவராக இருந்தால் அந்தக் கணக்கை மூடி வைத்திருப்பார். தன் பெயருக்கு இழுக்கு என்று நினைத்திருப்பார். அம்மையார் அதை அச்சடித்து, அரசாங்கத்தின் முன் வைத்தார்!

கோழிக்கொண்டைப் படம்

எண்களை மட்டும் கொடுத்தால் மந்திரிகள் படிக்க மாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். அதனால் படம் வரைந்தார்.

வட்டமாக ஒரு படம். மாதத்துக்கு ஒரு பிரிவு. தடுக்கக்கூடிய நோயால் இறந்தவர்களுக்கு நீல நிறம். காயத்தால் இறந்தவர்களுக்குச் சிவப்பு. மற்றக் காரணங்களுக்குக் கறுப்பு. பார்த்த மாத்திரத்தில் விஷயம் விளங்கிவிடும். படம் முழுவதும் நீலம்! சிவப்பு ஓர் ஓரத்தில் ஒட்டிக் கொண்டிருந்தது. இந்தப் படத்துக்குக் கோழிக்கொண்டை என்றே பெயர் வந்தது.

இன்னொரு வேலையும் செய்தார். சண்டை இல்லாத காலத்தில் பட்டாள வீடுகளில் இருக்கும் வீரர்களையும், அதே வயதுள்ள ஊர் மக்களையும் ஒப்பிட்டார். வீரர்களிடையே சாவு ஏறக்குறைய இரு மடங்கு. உடல் வலிமை பார்த்துச் சேர்த்த இளைஞர்கள், வீட்டில் இருப்பவர்களைவிட அதிகமாகச் செத்தார்கள்! குற்றம் ஆளிடம் இல்லை, இருக்கும் இடத்தில்தான் என்பது இதனால் தெரிந்தது.

அரசாங்கம் விசாரணைக் குழு வைத்தது. பட்டாள வீடுகள் திருத்தப்பட்டன. 1858-ல் லண்டன் புள்ளிவிவரச் சங்கம் அவரை உறுப்பினராகச் சேர்த்தது. அந்தச் சங்கத்தில் இடம் பெற்ற முதல் பெண் அவரே.

நர்சுகளுக்கும் மார்க்கு

மக்கள் அன்போடு திரட்டிக் கொடுத்த நிதியைக் கொண்டு, 1860-ல் லண்டன் செயிண்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் நர்சுப் பள்ளி தொடங்கினார். முதலில் சேர்ந்தவர்கள் 15 பேர்.

பள்ளி திறப்பதற்கு முன்பே, நல்ல நர்சு என்றால் யார் என்று எழுதி வைத்தார். ஒவ்வொரு மாணவிக்கும் மாதந்தோறும் ஒரு தாள். நேரம் தவறாமை, நம்பிக்கை, சுத்தம் ஆகியவை ஒரு பக்கம். கட்டுப் போடுவது, படுக்கை விரிப்பது, நோயாளிக்குச் சமைப்பது, நோயின் போக்கைக் கவனிப்பது ஆகியவை மறுபக்கம். ஒவ்வொன்றுக்கும் நேரே மிக நன்று, நன்று, சுமார், குறை என்று குறிக்க வேண்டும்.

தாள் நிறைந்ததால் பள்ளி நன்றாக நடக்கிறது என்று அர்த்தமா? இல்லை என்பதையும் அவரே கண்டுபிடித்தார். சில ஆண்டுகள் கழித்து உள்ளே புகுந்து பார்த்தபோது, பாடம் சரியாக நடக்கவில்லை என்பது தெரிந்தது. பாடம் நடத்த வேறு டாக்டர், விடுதியைக் கவனிக்கத் தனிப் பொறுப்பாளர் என்று எல்லாவற்றையும் மாற்றினார்.

எல்லா ஆஸ்பத்திரிகளும் ஒரே மாதிரி கணக்கு எழுத வேண்டும் என்று ஒரு படிவமும் தயாரித்தார். 1860-ல் லண்டனில் கூடிய உலகப் புள்ளிவிவர மாநாடு அதை ஏற்றது. ஆனால் படிவம் சிக்கலாக இருந்தது. அதனால் நாளடைவில் கைவிடப்பட்டது. எழுதுகிறவருக்கு எளிதாக இல்லாவிட்டால் எந்தக் கணக்கும் நிலைக்காது என்பதற்கு இது உதாரணம்.

சொந்தத் திட்டத்தை மூடினார்!

அம்மையாரின் வாழ்க்கையில் மிகப் பெரிய சோதனை இனிமேல்தான் வந்தது.

கிராமத்து ஏழைப் பெண்களுக்குப் பிரசவம் பார்க்கப் பயிற்சி பெற்றவர்கள் வேண்டும் என்பது அவருடைய ஆசை. 1861-ல் லண்டன் கிங்ஸ் காலேஜ் ஆஸ்பத்திரியில் அதற்கு ஏற்பாடு செய்தார். பிரசவ வார்டு ஒன்று திறக்கப்பட்டது. ஏழைத் தாய்மார் அங்கே வந்து பிள்ளை பெற்றார்கள். பயிற்சி பெற வந்த பெண்கள் பக்கத்தில் இருந்து கற்றுக் கொண்டார்கள்.

நல்ல நோக்கம். நல்ல நர்சுகள். பெயரும் கிடைத்தது.

ஆனால் பிரசவக் காய்ச்சல் புகுந்தது. ஒரு தாய் இறந்தார். பிறகு இன்னொரு தாய். பச்சைக் குழந்தைகள் அனாதை ஆயின.

கணக்கு எடுத்தார்கள். 1000 பிரசவத்துக்கு 30-க்கு மேல் சாவு என்ற விகிதம் வந்தது. வீடுகளில் நடந்த பிரசவங்களிலோ, 1000-க்கு ஏறக்குறைய 5 தான்! வசதி இல்லாத வீடுகளும் அதில் அடக்கம்.

அம்மையார் தயங்கவில்லை. தாய்மாரைக் காப்பாற்றத் திறந்த வார்டு, தாய்மாரைக் கொல்கிறது என்றால் அது எதற்கு? 1867-ல் வார்டு மூடப்பட்டது. அவருடைய நிதியில், அவருடைய விருப்பப்படி தொடங்கிய வேலை அது!

அதோடு விடவில்லை. பல நாடுகளிலிருந்து பிரசவக் கணக்குகளைத் திரட்டினார். பல இடங்களில் ஒழுங்கான கணக்கே இல்லை. கிடைத்ததை வைத்து 1871-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். பொது ஆஸ்பத்திரியோடு ஒட்டிப் பிரசவ வார்டு கூடாது. பெரிய கூடத்தில் பல தாய்மாரைச் சேர்த்து வைக்கக் கூடாது. சுத்தம் மிக முக்கியம். இவையே அதன் சாரம்.

இன்று நிலைமை தலைகீழாக மாறிவிட்டது. கிருமியைப் பற்றிய அறிவு வந்தது. கை கழுவும் வழக்கம் வந்தது. மருந்துகள் வந்தன. ஆஸ்பத்திரிப் பிரசவமே தாய்க்கும் பிள்ளைக்கும் பாதுகாப்பு என்று இன்றைய கணக்கு சொல்கிறது. அன்று வார்டை மூடச் சொன்னது கணக்கு. இன்று ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்வதும் கணக்குத்தான்!

பார்க்காத இந்தியா

அம்மையார் இந்தியாவைக் கண்ணால் பார்த்ததே இல்லை. ஆனால் வாழ்க்கையில் பல ஆண்டுகளை இந்தியாவுக்காகச் செலவிட்டார்.

1859-ல் இந்தியாவில் இருந்த வெள்ளைக்காரப் பட்டாளத்தின் சுகாதாரத்தை ஆராய ஒரு குழு அமைந்தது. சென்னை ராஜதானி உள்பட எல்லாப் பட்டாள ஊர்களுக்கும் கேள்வித் தாள் அனுப்பச் செய்தார். தண்ணீர் எங்கிருந்து வருகிறது? கழிவு நீர் எங்கே போகிறது? ஓர் அறையில் எத்தனை பேர்? வந்த பதில்கள் மூட்டை மூட்டையாகக் குவிந்தன.

அப்போது பட்டாளத்தில் ஆண்டுக்கு 1000 பேருக்கு 69 பேர் இறந்து கொண்டிருந்தார்கள். 1863-ல் அறிக்கை வெளியாயிற்று. அடுத்த ஆண்டு சென்னை, கல்கத்தா, பம்பாய் நகரங்களில் சுகாதாரக் குழுக்கள் ஏற்பட்டன. பத்து ஆண்டு கழித்து மறுபடி கணக்குப் பார்த்தார். 69 என்பது 18 ஆகக் குறைந்திருந்தது!

பட்டாளம் பிழைத்தால் போதாது, கிராமத்து மக்களும் பிழைக்க வேண்டும் என்று அவர் வாதாடினார். 1876 முதல் 1878 வரை சென்னை ராஜதானியைப் பெரும் பஞ்சம் வாட்டியபோது, நீர்ப்பாசனம் பெருக வேண்டும் என்று லண்டன் பத்திரிகைகளில் எழுதினார்.

பிற்காலத்தில் அவர் கண்பார்வை மங்கியது. 1907-ல் இங்கிலாந்து அரசர் மிக உயர்ந்த விருது ஒன்றை அளித்தார். அதைப் பெற்ற முதல் பெண் அவரே. 1910 ஆகஸ்டு 13-ந் தேதி, 90-வது வயதில் காலமானார். ஆடம்பர அடக்கம் வேண்டாம் என்பது அவர் விருப்பம். குடும்பக் கல்லறையில் பெயரின் முதல் எழுத்துக்களும் தேதிகளும் மட்டுமே பொறிக்கப்பட்டன.

அவர் பிறந்த மே 12-ந் தேதி உலக நர்சுகள் தினமாகக் கொண்டாடப்படுகிறது.

நமக்கு என்ன பாடம்?

திருவரங்குளம் பக்கத்தில் ஒரு சிற்றூர். அங்கே நர்சு ஒரு புது முயற்சி தொடங்குகிறார் என்று வைத்துக் கொள்வோம். பச்சைக் குழந்தையைத் தொடும் எல்லோரும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். தொப்புள் புண் வராமல் தடுப்பதே நோக்கம்.

இதன் பலனை எப்படி அறிவது? முயற்சி முடிந்தபின் யோசித்தால் காலம் கடந்துவிடும். தொடங்கும் முன்பே திட்டம் வேண்டும்.

முதலில், எதை எண்ணுவது என்று முடிவு செய்ய வேண்டும். எத்தனை குழந்தை பிறந்தது, அதில் எத்தனைக்குப் புண் வந்தது என்ற இரண்டும் வேண்டும். ஒன்றை மட்டும் எழுதினால் பயன் இல்லை.

இரண்டாவது, பழைய நிலையைக் குறித்து வைக்க வேண்டும். முன்பு எவ்வளவு என்று தெரியாவிட்டால், இப்போது குறைந்ததா என்று எப்படிச் சொல்வது?

மூன்றாவது, சொன்னது நடந்ததா என்று பார்க்க வேண்டும். வீட்டில் சோப்பு இருந்ததா? எத்தனை பேர் உண்மையில் கை கழுவினார்கள்? கை கழுவாமலே புண் குறைந்திருந்தால் காரணம் வேறு.

நான்காவது, ஒப்பிட வேண்டும். முயற்சி நடக்காத பக்கத்து ஊரிலும் குறைந்ததா? மழைக் காலம் போய் வெயில் காலம் வந்ததால் குறைந்ததா?

ஐந்தாவது, யார் எழுதுவது, எந்தத் தேதியில் கூடிப் பார்ப்பது என்று முன்பே சொல்லிவிட வேண்டும். படிவம் ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது.

கடைசியாக ஒன்று. பலன் இல்லை என்று கணக்கு சொன்னால் அதை ஏற்கும் மனம் வேண்டும். எண்ணைத் திருத்தக் கூடாது. செயலைத் திருத்த வேண்டும். மற்ற ஐந்தும் சுலபம். இதுதான் கஷ்டம். புகழின் உச்சியில் இருந்த ஒரு பெண்மணி அதைச் செய்து காட்டினார்.

அடுத்த முறை நர்சு அம்மா வீட்டுக்கு வந்து, குழந்தை பிறந்த தேதி என்ன, காய்ச்சல் எத்தனை நாள் இருந்தது என்று கேட்டால், அலுத்துக் கொள்ளாதீர்கள். நினைவுபடுத்திச் சரியாகச் சொல்லுங்கள். அந்த ஒரு வரி, நாளை வேறொரு வீட்டுக் குழந்தையைக் காப்பாற்றும்.